பழைய பாக்கெட் கேமராவில் ஒரு கடிகாரப் படம்

படம் ஒருவழியாக முடிந்தது. 2 நிமிடம் 50 விநாடி. சாவி கொடுத்து ஓடும் பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை உள்ளும் வெளியும் சுற்றிவரும் சின்னப் படம். பேச்சு கிடையாது, டிக் டிக் மட்டும்தான். எடுத்தது அலமாரியில் சும்மா கிடந்த பாயிண்ட் அண்ட் ஷூட் கேமராவில். கேனான் பவர்ஷாட் ஏ வரிசை, சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), இரண்டு ஏஏ பேட்டரி. லென்ஸைச் சுற்றி 5.8–23.2 மி.மீ. என்று அச்சடித்திருக்கிறது. வீடியோ 640க்கு 480, விநாடிக்கு 30 ஃபிரேம், அவ்வளவுதான்.

இன்றைய போன் எதை எடுத்தாலும் இதைவிடத் தெளிவாகப் படம் பிடிக்கும், அதில் வாதமே இல்லை. இருந்தும் இதை எடுத்ததற்குக் காரணம் அந்த லென்ஸ். முன்பக்கக் கண்ணாடி கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. உடைந்த குளிர்கண்ணாடித் துண்டு, பூதக்கண்ணாடி, குழாய்த் துண்டு என்று கையில் அகப்படும் எதுவும் அதற்குத் துணைக்கருவி ஆகிவிடும். போன் லென்ஸும் சின்னதுதான், ஆனால் இதில் 4 மடங்கு அசல் ஜூம் இருக்கிறது. மிக நெருக்கமான காட்சிகளுக்கு அந்த ஜூம் எவ்வளவு உதவியது என்பது பின்னால் வரும். தவிர, கடிகார எண்ணெய் பட்டாலும் மனம் பதறாது.

இந்த வகைக் கேமராவில் உண்மையான தலைவலி பிக்சல் குறைவு இல்லை. வெளிச்சம், நிறம், ஃபோகஸ், ஒலி அளவு எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துகொண்டு, படம் ஓடும்போதே மனம் மாற்றிக்கொண்டும் இருக்கும். எனக்கு இருந்த வேலை பெரும்பாலும் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக அதன் கையிலிருந்து பிடுங்குவதுதான்.

ஆடாமல் நிறுத்த

முக்காலிக்கான துளை பெரும்பாலான கேமராக்களில் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. வீட்டில் இருக்கும் எம்6 போல்ட் பார்வைக்கு அதேபோல இருக்கும், ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதோடு நிறுத்திவிட வேண்டும். எம்6 மரையின் இடைவெளி 1 மி.மீ., கால் அங்குல போல்டில் 1.27 மி.மீ. இறுக்கிக்கொண்டே போனால் கேமராவின் மரையைத் தின்றுவிடும். கால் அங்குலம் என்று கேட்டு வாங்குவதுதான் சரி.

6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தட்டு அறுத்தேன். 6.5 மி.மீ. துளை, அடியிலிருந்து அரை அங்குல போல்ட், 1.5 மி.மீ. வாஷர். மொத்த நீளம் 12.7 மி.மீ.; அதில் தட்டும் வாஷரும் போக மேலே 5 மி.மீ. சொச்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கேமராவின் துளைக்கு அது போதும். அதற்கு மேல் நீட்டினால் போல்ட் உள்ளே முட்டும், கேமரா தட்டோடு ஒட்டி உட்காராது.

முதல் தட்டை 10 செ.மீ. அகலத்தில் அறுத்திருந்தேன். அது பேட்டரிக் கதவை முழுவதும் மூடிவிட்டது. பேட்டரி மாற்றும்போதெல்லாம் கேமராவைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் மாட்டவேண்டும், ஃபிரேம் நகர்ந்துவிடும். 4 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கிய பிறகு கதவு தட்டுக்கு வெளியே திறந்தது. தட்டு அறுப்பதற்கு முன் கேமராவைத் திருப்பி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி பற்றி ஒரு வரி. சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். எண்ணைப் பார்த்தால் ஆல்கலைன்தான் பலசாலி போலத் தெரியும். கேமரா ஒரே மூச்சில் அதிக மின்சாரம் இழுக்கும்போது ஆல்கலைனின் வோல்டேஜ் சட்டென்று சரிந்துவிடுகிறது. ஹைட்ரைடு கடைசிவரை ஒரே சீராக நிற்கும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் வேலை தடைபடாது.

தட்டில் நின்றபின், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் இமேஜ் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டேன். ஆடாத கேமராவில் அது தானாகவே மெல்ல ஊர்ந்து படத்தை நகர்த்திக்கொண்டிருந்தது.

வெளிச்சம்

கடிகாரத்தின் டயல் வெள்ளை, பின்பக்க இயந்திரம் பித்தளை, பெட்டி கறுப்பு. கேமராவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தினால் எக்ஸ்போஷர், அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவு, ஏறி இறங்கி, யாரோ திரைச்சீலையை இழுத்து இழுத்து விடுவது போல இருந்தது. வீடியோவிலும் எக்ஸ்போஷர் லாக் உண்டு என்பதைக் கையேட்டைப் படித்தபோதுதான் பார்த்தேன். ஷட்டரைப் பாதி அழுத்திக்கொண்டு இன்னொரு பொத்தானை அழுத்தவேண்டும். எதைப் பார்த்து லாக் செய்வது என்பதுதான் கேள்வி. டயலைப் பார்த்தால் பித்தளை இருண்டது, பெட்டியைப் பார்த்தால் டயல் வெளுத்தது. ஒரு பழுப்பு அட்டைப்பெட்டித் துண்டைக் கடிகாரம் இருக்கும் இடத்தில் நிறுத்தி, அதைப் பார்த்து லாக் செய்துவிட்டு அட்டையை எடுத்துவிட்டேன். கடைசிவரை இதே முறைதான்.

அடுத்தது விளக்கு. மேசை விளக்கில் எல்இடி பல்பு போட்டு எடுத்ததில் படம் முழுவதும் ஒருசேர வெளிச்சம் கூடிக் குறைந்து துடித்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 30 ஃபிரேமோடு அது ஒத்துவராது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது. நல்ல பல்புகளில் துடிப்பு குறைவு, மலிவானவற்றில் அப்பட்டமாகத் தெரியும். பவர் பேங்கில் ஓடும் சின்ன யூஎஸ்பி விளக்குக்கு மாறியதும் துடிப்பு போனது. ஆனால் அதையும் முழு ஒளியில்தான் வைக்கவேண்டும். ஒளியைக் குறைத்தால் அந்த விளக்கு தன்னை வேகவேகமாக அணைத்து ஏற்றித்தான் குறைக்கிறது, துடிப்பு திரும்பி வந்துவிடும். வெளிச்சம் அதிகமாகப் பட்டால் விளக்கைத் தள்ளி வைப்பதே வழி.

இதற்குப் பின் வந்தது சிசிடி சென்சாருக்கே உரிய வியாதி. பித்தளைச் சக்கரத்தின் பல்லில் விளக்கு பளிச்சென்று பிரதிபலித்த இடத்திலெல்லாம், அந்தப் புள்ளி வழியாக மேலிருந்து கீழ்வரை ஒரு ஊதா வெள்ளைக் கோடு ஓடியது. சக்கரம் சுழலச் சுழலக் கோடும் தோன்றித் தோன்றி மறைந்தது. புகைப்படத்தில் இது வராது, வீடியோவிலும் கேமராவின் திரையிலும்தான் வரும். எடிட்டிங்கில் இதை அழிப்பது நடக்காத காரியம். விளக்குக்கும் கடிகாரத்துக்கும் நடுவே டிரேசிங் பேப்பரைச் சட்டத்தில் ஒட்டி நிறுத்தினேன். கடிகாரத்திலிருந்து 15 செ.மீ. தூரம், பேப்பருக்குப் பின்னால் இன்னும் 20 செ.மீ. தள்ளி விளக்கு. புள்ளியாக இருந்த பளபளப்பு அகலமான மினுமினுப்பாக மாறியது, கோடு மறைந்தது. பித்தளையும் பித்தளை மாதிரியே தெரிய ஆரம்பித்தது.

ஒரே ஒரு காட்சியில் பேப்பரை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். அலாரம் அடிக்கும் இடம் அது. சுத்தியல் மணியைத் தட்டும்போது மணியின் மேல் ஒளி சிதறி, கோடுகள் தட்டுக்குத் தட்டு பாய்கின்றன. இதை மென்பொருளில் போலியாகச் செய்யவேண்டுமென்றால் எனக்கு ஒரு வாரம் பிடித்திருக்கும்.

ஷட்டரை மெதுவாக்க

பேலன்ஸ் வீல், அதாவது இப்படியும் அப்படியும் ஊசலாடும் அந்தச் சின்னச் சக்கரம்தான் படத்தின் நாயகன். அதுதான் சரியாக வரவில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் சக்கரத்தின் ஆரக்கால்கள் கத்தி போலக் கூர்மையாக, ஆனால் தாவித் தாவி நகர்ந்தன. காரணம் எளிது. வெளிச்சம் அதிகமானால் கேமரா ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடும். வீடியோவில் அதை நேரடியாக மாற்றும் வசதி இல்லை. ஆகவே வெளிச்சத்தைக் குறைத்து, அதுவாகவே மெதுவாகும்படி செய்யவேண்டும்.

முதலில் சாதாரணக் குளிர்கண்ணாடியின் ஒரு வில்லையை முன்னால் பிடித்தேன். பலன் இருந்தது, ஆனால் போதவில்லை, பச்சை சாயமும் ஏறியது. பிறகு போலரைஸ்டு குளிர்கண்ணாடி (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) ஒன்றின் இரண்டு வில்லைகளையும் கழற்றினேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒன்றை மட்டும் திருப்பினால் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்து, 90 பாகையில் ஏறக்குறைய இருட்டாகிவிடும். வேண்டிய அளவுக்கு ஒளியைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. கடைசிச் சில பாகைகளில் நிறம் நீலமாக ஓடுகிறது, அங்கே போகாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு வில்லையில் கடிகாரத்தின் பக்கம் இருப்பது இன்னொரு வேலையும் செய்யும். டயலின் மேல்கண்ணாடியில் விழும் ஜன்னல் பிரதிபலிப்பை அதைத் திருப்பித்தான் அழித்தேன். நேருக்கு நேர் பார்த்தால் எதுவும் நடக்காது; கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும் கோணத்தில்தான் வேலை செய்யும். பித்தளையின் பளபளப்பை அது தொடுவதே இல்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி போல, உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிர்வதில்லை. எனவே வெளி வில்லையைப் பிரதிபலிப்பு மறையும் இடத்தில் ஒட்டிவிட்டு, உள் வில்லையை மட்டும் ஒளி அளவுக்காகத் திருப்பிக்கொண்டேன்.

ஷட்டர் எவ்வளவு என்று திரையில் காட்டாது. ஒரு ஃபிரேமை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆரக்கால் தனித்தனியாகத் தெரிந்தால் இன்னும் வேகம் அதிகம், விசிறிபோல் பரவி மங்கினால் சரி. இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. என் கடிகாரம் விநாடிக்கு 5 டிக். கேமரா விநாடிக்கு 30 ஃபிரேம். ஆக ஒரு டிக்குக்குச் சரியாக 6 ஃபிரேம், ஒரு முழு ஊசலுக்கு 12. அதனால் சக்கரம் அதே 12 நிலைகளில் திரும்பத் திரும்ப மாட்டுகிறது. கடிகாரம் லேசாக மெதுவாக ஓடுவதால் அந்த 12 நிலைகளும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகின்றன. எடிட்டிங்கில் இது வரமாகிவிட்டது. 12 ஃபிரேமை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டினால் தையலே தெரியாது.

நிறம்

எது வெள்ளை என்று கேமரா தானாக ஊகிக்கும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ், பித்தளையைப் பார்த்ததும் மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். கஸ்டம் வொயிட் பேலன்ஸில் வெள்ளைத் தாளைக் காட்டிப் பூட்டிவிட்டால் அது தீர்ந்தது. அங்கேயே நிற்காமல் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். வெள்ளைக்குப் பதிலாக வெளிர்நீலத் தாளைக் காட்டினால், அதை வெள்ளையாக்க கேமரா மஞ்சளைக் கூட்டும்; படம் முழுக்க மாலை வெயில் நிறம் வரும். வெளிர் ஆரஞ்சுத் தாளைக் காட்டினால் எல்லாம் நீலமாகி நிலா வெளிச்சம். கடிகாரத்தின் வெளிப்புறக் காட்சிகளுக்கு ஆரஞ்சுத் தாள், உள்ளே நுழைந்ததும் நீலத் தாள். அடர்நிறத் தாள் காட்டினால் கேமரா திக்குமுக்காடி ஏதோ ஒரு நிறத்தைத் தருகிறது, வெளிர்நிறம் போதும்.

இதை எடிட்டிங்கிலும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் கோப்பின் அளவைக் குறைக்க இந்தக் கேமரா வீடியோவைக் கடுமையாகச் சுருக்குகிறது. பிறகு நிறத்தை இழுத்தால் நிழல்களில் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எடுக்கும்போதே செய்தால் அந்தச் சேதம் குறைவு.

நெருங்குவது

அருகில் இருப்பதை எடுக்கும் மேக்ரோ நிலையில் இந்தக் கேமரா 5 செ.மீ. வரை நெருங்கும், ஆனால் ஜூம் செய்யாத நிலையில் மட்டும். அப்போது ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 5 செ.மீ. அந்தத் தூரத்தில் கேமராவின் நிழல் கடிகாரத்தின் மேலேயே விழுந்தது. விளக்கை எந்தப் பக்கம் வைத்தாலும் பாதிப் படம் இருட்டு.

வழி, தள்ளி நின்று முழு ஜூம் செய்து, முன்னால் பூதக்கண்ணாடி வைப்பது. பூதக்கண்ணாடியின் மேல் எத்தனை மடங்கு என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம், ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அதைப் பிடித்து, வெளியே தூரத்தில் இருக்கும் மரமோ கட்டடமோ தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில் அளவுகோலால் அளந்தால், அதுதான் குவியத் தூரம். என்னுடையது 12 செ.மீ. கேமரா தூரத்தில் ஃபோகஸ் வைத்திருந்தால், பூதக்கண்ணாடியிலிருந்து 12 செ.மீ.யில் இருக்கும் பொருள் தெளிவாகும். முழு ஜூமில் லென்ஸின் குவியத் தூரமான 23.2 மி.மீ.யை 120ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் சுமார் 0.19. சென்சாரின் அகலம் 5.8 மி.மீ. சொச்சம், ஆக ஃபிரேமில் 30 மி.மீ. அகலம் அடங்கும். பேலன்ஸ் வீல் முழுவதும், பக்கத்துச் சக்கரத்தின் சில பற்களும் கணக்காக உட்கார்ந்தன. 12 செ.மீ. இடைவெளியில் விளக்கு தாராளமாக நுழைந்தது.

பூதக்கண்ணாடியை லென்ஸோடு ஒட்டவே கூடாது. அணைத்தால் லென்ஸ் குழல் உள்ளே போகும். முன்னால் ஏதாவது தடுத்தால் மோட்டார் திணறும், பல்சக்கரம் கழன்றால் கேமராவின் கதை முடிந்தது. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை லென்ஸ் குழலைத் தொடாத அளவுக்கு அகலமாக எடுத்து, அதன் முனையில் பூதக்கண்ணாடியை ஒட்டி, குழாயைப் பிளைவுட் தட்டில் திருகினேன். உள்பக்கம் கறுப்புத் தாள் சுற்றாவிட்டால் குழாயின் வெண்மை படத்தில் பனிமூட்டமாக ஏறும். தானாக அணையும் வசதியை மெனுவில் நிறுத்திவிட்டேன்.

ஓரங்கள் மங்கலாகவும் சிவப்பு நீல விளிம்போடும் இருக்கும், ஒற்றை வில்லை அப்படித்தான். இந்தப் படத்துக்கு அது பொருந்தியது. உங்களுக்கு ஆகாது என்றால் ஓரத்தில் முக்கியமானது எதையும் வைக்காதீர்கள்.

ஃபோகஸ் ஆழம் ஒன்றிரண்டு மி.மீ. தான். ஆட்டோ ஃபோகஸ் இங்கே தடுமாறும். மேனுவலில் தூரத்துக்குப் பூட்டிவிட்டு, கேமராவையே முன்பின் நகர்த்தித்தான் தெளிவைத் தேடவேண்டும். அதற்குத்தான் அடுத்த சாமான்.

நகர்த்துவது

மேசை இழுப்பறைகளில் போடும் பால் பேரிங் சேனல், 30 செ.மீ. நீளம். இந்தப் படத்துக்காகக் காசு கொடுத்து வாங்கியது இதையும் பூதக்கண்ணாடியையும் போல்டையும் மட்டும்தான். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடந்தவை. சேனலை ஒரு பலகையில் திருகி, நகரும் பகுதியில் பிளைவுட் தட்டை ஏற்றினேன்.

வெறும் கேமரா எடையில் அது கடகடத்தது. 30 மி.மீ. அகல ஃபிரேமில் அரை மி.மீ. ஆட்டம்கூடப் பூகம்பம். தட்டின் மேல் மணல் நிரப்பிய பை ஒன்றைப் போட்டதும் குண்டுகள் அழுந்தி உட்கார்ந்து ஆட்டம் அடங்கியது. கையால் தள்ளினால் அப்போதும் வேகம் சீராக வரவில்லை. ஒரு நூலைத் தட்டில் கட்டி, மறுமுனையை ஒரு திருப்புளியின் தண்டில் சுற்றி, திருப்புளியை மெல்ல உருட்டினேன். 6 மி.மீ. தண்டு, ஒரு சுற்றுக்கு 19 மி.மீ. கைக்கு அது நல்ல வேகம். நைலான் நூல் ரப்பர் போல நீண்டு, தட்டு நின்று நின்று பாய்ந்தது. பருத்தி நூலுக்கு மாறியதும் சரியாயிற்று.

பூதக்கண்ணாடியோடு இந்தச் சேனலில் முன்னால் தள்ளும்போது, கேமரா ஒவ்வொரு அடுக்காகக் கடிகாரத்துக்குள் இறங்குவது போலத் தெரிகிறது. முதலில் மேல்தட்டு, பிறகு பேலன்ஸ் வீல், பிறகு அந்தச் சக்கரத்தை ஊசலாட வைக்கும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் நீலச் சுருள், அதற்குப் பின்னால் இருட்டில், சாவி கொடுத்தால் முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங். ஜூம் செய்தால் இது கிடைக்காது. வீடியோ ஓடும்போது இந்தக் கேமரா அசல் ஜூமைப் பூட்டி வைத்துவிடும் என்பதால் எனக்கு அந்த ஆசையும் வரவில்லை.

டைம்லாப்ஸ்

இடைவெளி விட்டு எடுத்த படங்களைச் சேர்த்து வேகமாக ஓட்டுவதுதான் டைம்லாப்ஸ். பவர்ஷாட் வகைகளில் பலவற்றுக்குச் சிஎச்டிகே என்ற இலவச மென்பொருள் உண்டு. கேமராவின் உள் மென்பொருளை அது நிரந்தரமாக மாற்றாது. எஸ்டி கார்டிலிருந்து ஏறி ஓடும், கார்டைக் கழற்றினால் கேமரா பழையபடி. உங்கள் மாடலுக்கும் அதன் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) பதிப்புக்கும் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் கோப்பை எடுக்கவேண்டும். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன விசையை லாக் பக்கம் தள்ளி வைத்தால்தான் அது தானாக ஏறும். லாக் செய்த கார்டில் எப்படிப் பதிவாகும் என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது, ஆனால் சிஎச்டிகே ஓடும்போது பதிவாகிறது.

அதில் ஓட்டியது ஒரு இன்டர்வெலோமீட்டர் ஸ்கிரிப்ட், குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் சின்ன நிரல். 30 விநாடிக்கு ஒன்று, 3 மணி நேரம், 360 படம், திரையில் 12 விநாடி. ஜன்னல் வெயில் டயலைக் கடப்பதும் முட்களின் நிழல் முட்களைத் துரத்துவதும் அதில் வந்தன. எக்ஸ்போஷர், ஃபோகஸ், நிறம் மூன்றையும் மேனுவலில் பூட்டியும் முதல் ஓட்டத்தில் படம் லேசாகத் துடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, திறந்து மூடும்போது மயிரிழை வித்தியாசம் வருகிறது. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து ஷட்டரை மட்டும் மாற்றியபோது துடிப்பு போனது. திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி தாங்காது. ஏவி வயரைச் செருகிவிட்டால் திரை அணைந்துவிடும், வயரின் மறுமுனை எதிலும் மாட்டியிருக்க வேண்டியதில்லை.

கேமரா சுழலும் காட்சிக்கு, அதை முறுக்கி வைக்கும் 60 நிமிட டைமரின் மேல் ஏற்றினேன். நிமிடத்துக்கு 6 பாகை. 5 விநாடிக்கு ஒரு படம் என்றால் ஒரு படத்துக்கு அரை பாகை. கேமராவின் எடை நடுவில் விழாவிட்டால் டைமர் பாதியில் நின்றுவிடும், எதிர்ப்பக்கம் சில வாஷர்களை ஒட்டிச் சமன் செய்தேன். தொடக்கத்தில் பல்சக்கரங்களின் தளர்ச்சி இறுகும்வரை அது நகர்வதே இல்லை, அந்தப் படங்களை வெட்டிவிட வேண்டியதுதான்.

ஒலி

கேமராவின் மைக்கை நம்பிப் பயனில்லை. அமைதியான அறையில் அது ஒலியைத் தானாக ஏற்றிக்கொண்டே போய், டிக்குக்கு நடுவே இரைச்சல் மூச்சு விடுகிறது. அதை அணைக்க வழியும் இல்லை. ஒரு காலி மரப்பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே போனை ரெக்கார்டரில் ஓடவிட்டு, பெட்டியின் மேல் கடிகாரத்தை வைத்தேன். பெட்டியே ஒலியைப் பெருக்கியது. அறைச் சத்தமும் அவ்வளவாக உள்ளே வரவில்லை.

ஒலியையும் படத்தையும் பொருத்த கைதட்டல் எதுவும் தேவைப்படவில்லை. எந்த டிக்கும் எந்த ஊசலுக்கும் பொருந்தும், அடுத்த டிக்குக்கு நகர்த்தினால் முடிந்தது. ஒத்திசைவில் இவ்வளவு சோம்பேறித்தனம் வேறு எந்தப் படத்திலும் செல்லாது.

எடிட்டிங்

கேமரா எழுதுவது மோஷன் ஜேபெக், ஏவிஐ கோப்பு. ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக இருப்பதால் நிமிடத்துக்கு 120 எம்பி போல விழுங்குகிறது. ஆனால் பழைய மடிக்கணினியிலும் கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள் அதை இழுத்த இடத்தில் உடனே காட்டுகிறது, வெட்டுவது சுகம்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, நிழல்கள் நசுங்கிக் கருங்கட்டியாகத் தெரிந்தன. கேமரா வெளிச்ச அளவை 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை முழு வீச்சில் எழுதியிருக்கிறது, மென்பொருள் அதை 16 முதல் 235 என்று எடுத்துக்கொண்டது. கிளிப்பின் பண்புகளில் முழு வீச்சு என்று மாற்றியதும் இருட்டுக்குள்ளிருந்து சக்கரங்கள் வெளியே வந்தன.

மற்றது, டைம்லாப்ஸ் 1600க்கு 1200இல் கூர்மையாக இருந்தது, வீடியோ 640க்கு 480இல் மெத்தென்று. அடுத்தடுத்து வைத்தால் இரண்டு வேறு படங்கள். வீடியோவைக் கூர்மையாக்கப் பார்த்ததில் கட்டங்கள்தான் கூர்மையாயின. எனவே டைம்லாப்ஸை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 640க்கு 480 ஆக்கி, லேசாக இரைச்சல் தூவி, இரண்டையும் சேர்த்து 1280க்கு 960 என்று இரட்டிப்பாக்கினேன். இப்போது ஒட்டுகிறது. அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டவில்லை. 480 வரியில் 120ஐ இழப்பது இந்தக் கேமராவுக்குக் கட்டுப்படியாகாது, பக்கவாட்டில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த முறை

வெளி வில்லை, உள் வில்லை இரண்டையும் டேப்பால் ஒட்டியது தற்காலிக வேலை. திருப்பும்போதெல்லாம் விரல்ரேகை. ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு குழாய்த் துண்டுகள் செய்து, வெளியே பாகைக் குறிகள் இடவேண்டும். அப்போதுதான் அதே வெளிச்சத்தை மறுநாளும் கொண்டுவர முடியும். சேனலின் ஓரத்தில் அளவுகோல் ஒட்டுவதும் அதே காரணத்துக்காக. சிஎச்டிகேயில் வீடியோவின் தரத்தை ஏற்றும் வசதி இருக்கிறது. என் பழைய கார்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பதிவு நடுவில் நின்றது, வேகமான கார்டில் மறுபடி பார்க்கவேண்டும்.

ஒலியை முதலில் எடுப்பேன். பின்மூடியைக் கழற்றிய பிறகு டிக்கின் கனம் குறைந்து, தகரம் தட்டுவது போல ஆகிவிட்டது. மூடியை மாட்டி மறுபடி பதிந்தேன், ஆனால் இடையில் எண்ணெய் விட்டிருந்ததால் அதுவும் பழைய சத்தம் இல்லை. படத்தின் முதல் பாதியில் கேட்பது எண்ணெய் விட்ட கடிகாரம், காட்சியில் இருப்பது விடாதது. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.